ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ஊளை

முள்ளிக்கடவில் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை. உப்பளத்துப் பாத்திகளிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வரும் உப்பை அம்பாரமாகக் கொட்டும்போது, பக்கத்தில் நின்று எண்ணுகிறவள் முதல் பெட்டிக்கு 'லாபம்' என்பாள், அடுத்ததற்கு 'ரெண்டு' என்பாள், பிறகு மூன்று, நான்கு என்று போகும், நூறு ஆனதும் மண்சட்டியில் ஒரு சிப்பியைப் போடுவாள். லாபம் என்று யாருடைய பெட்டி எண்ணப்படுகிறதோ, அம்பாரம் அவருக்குச் சேரும். லாபம் சொல்லாமல் விட்டுப்போன அம்பாரத்தை யாரும் ஓலை போட்டு மூடமாட்டார்கள். அதற்கு உரியவர் வந்து நின்று, அந்தச் சொல்லைச் சொல்ல வைத்து, தன்னுடையது என்று ஏற்கும்வரை அது வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடக்கும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. உப்பில் கால் வைத்த எல்லோருக்கும் தெரியும். உப்புக் கம்பெனியின் வாரிசுக்கு மட்டும் தெரியாது.

கம்பெனியைத் தொடங்கிய ஜெபத்துரை முதலாளி, நாற்பத்தேழு வருடங்களுக்கு முன் சரியாக விளையாத நான்கு பாத்திகளை மண் கொட்டி மேடாக்கி, கூலியாட்கள் கால்பந்து விளையாட விட்டார். உப்பள அணி என்று பெயர், வெள்ளைச் சட்டை. அந்த அணி வளர்ந்து, மாவட்டம் தாண்டி, சம்பளம் வாங்கி ஆடுகிற தொழில்முறை லீகுக்குள் போன பிறகும் மைதானத்துக்குள் ஆட்கள் போகக் கிழக்கே ஒரே கேட்டுதான் இருந்தது, ஆள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடிந்தது, கேட்டில் நின்று எண்ணுகிறவள் உப்பளத்தில் பெட்டி எண்ணுகிற அதே வெயிலுகந்தாள். முப்பத்தொரு வருடங்களில் அவள் ஒரு தலையைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஆட்டத்தன்று ஜெபத்துரை முதலாளி வரிசையில் முதல் ஆளாக வந்து நிற்பார், அவள் "லாபம்" என்றதும் தலையைக் குனிந்து உள்ளே போவார், மூன்றாம் வரிசையில் சிமெண்டுப் படியில் உட்காருவார். அணி தோற்றால் கூட்டம் எழுந்து அவரைப் பார்த்துத் திட்டும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வார். அவர் லாபமாக எண்ணப்பட்டவர், அதனால் திட்டும் அவருக்குச் சேர வேண்டிய அம்பாரம்தான்.

எண்பத்தெட்டு வயதில் அவர் இறந்தார். மகன் முன்பே போய்விட்டதால் கம்பெனியும் அணியும் பேரன் செல்வினுக்கு வந்தன. அப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. பட்டணத்தில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, உப்பைப் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவன்.

அவனுடைய முதல் ஆட்டத்தன்று வரிசை ரைஸ்மில் வரை நின்றது, வெயிலுகந்தாள் லாபம் என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருந்தாள். ரோடு ரோலர் வருவதற்காக மேற்கே இருந்த தகரக் கதவைத் திறக்கச் சொல்லி, சின்ன முதலாளி காரோடு உள்ளே போய்விட்டான் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

"ஆரம்பிங்கக்கா, விசிலடிக்கப் போறாம்" என்றார் டீக்கடை முகைதீன், வரிசையில் முதலில் நின்றவர்.

"நீ லாபம் இல்லையே பாய்."

"நான் என்னைக்கு லாபமா இருந்தேன்? ரெண்டுன்னே சொல்லுங்க."

அவள் "ரெண்டு" என்றாள். அதற்குப் பிறகு ஒன்பது சீசனில் ஒவ்வொரு ஆட்டத்திலும் எண்ணிக்கை இரண்டிலிருந்தே தொடங்கியது, லாபத்தின் இடம் காலியாகவே கிடந்தது.

அந்த ஒன்பது சீசனில் செல்வின் செய்ததை வரிசையாகச் சொன்னால் இப்படி வரும்: வெள்ளைச் சட்டையை ஊதாவாக்கினான். அணியின் பெயரை எடுத்துவிட்டுக் கம்பெனி விற்கும் 'அலைராணி' தூள் உப்பின் பெயரை வைத்தான், அதனால் எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் பையன்களை எதிர்க்கூட்டம் "ராணிக்கு நாற்காலி போடுங்கலே" என்று வரவேற்றது. மேற்குக் கதவுக்கு மேலே கண்ணாடியால் ஓர் அறை கட்டி, ஏசி வைத்து, அதற்குள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போன் பேசினான். பதினொரு பயிற்சியாளர்கள் வந்தார்கள், பதினொரு பேரும் போனார்கள், ஒருவர் வந்த ரயிலிலேயே திரும்பினார். நன்றாக ஆடிய பையனை விற்றான், நன்றாக ஆடாதவனை விற்க முடியாமல் பந்தயத்தில் இறக்கினான். முப்பத்தெட்டுப் பேரை விற்றிருக்கிறான். பத்திரிகைக்காரன் கேட்டபோது, "அந்த ஊர்க்காரங்க உணர்ச்சிவசப்படுறவங்க, நான் கணக்குப் பார்க்கிறவன்" என்று சொன்னான். எண்ணத் தெரியாதவன் கணக்கைப் பற்றிப் பேசுகிறான் என்று வெயிலுகந்தாள் சொன்னாள், அதுவும் மெதுவாக, தன் புருஷன் பரமார்த்தலிங்கத்திடம் மட்டும்.

ஒன்பதாவது சீசனில் டிசம்பர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அறுபத்திரண்டு சிப்பியும் அதற்கு மேல் பதின்மூன்றும் என்று எண்ணி முடித்தாள். இரண்டிலிருந்து தொடங்கியதால் ஆட்கள் ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்குக் கோல்கீப்பர் ரீகன். பாத்தியில் உப்பு வாருகிறவரின் மகன், இருபத்து நான்கு வயது, வெயிலுகந்தாளின் பக்கத்து வீடு. முதல் பாதியில் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. இடைவேளையில் கண்ணாடி அறையிலிருந்து ஆள் வந்து, உன்னை விற்றாயிற்று, கார் நிற்கிறது, கிளம்பு என்றான். கையுறையைக் கூடக் கழற்றாமல் ரீகன் மேற்குக் கதவு வழியாகப் போனதை எல்லோரும் பார்த்தோம். மாற்றுக் கீப்பரை அதற்கு முந்தின வாரமே விற்றிருந்ததால், இரண்டாம் பாதியில் தடுப்பாட்டக்காரப் பையன் ஒருவன் கோலில் நின்று ஐந்து கோல் வாங்கினான். ஐந்தாவது கோல் எழுபத்தொன்றாவது நிமிடம். அப்போது கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது, செல்வினின் முதுகு தெரிந்தது, அந்த முதுகைப் பார்த்து ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து ஊ என்று ஊளையிட்டார்கள். பத்தொன்பது நிமிடம். ஆட்டம் முடிந்தது, ஆட்கள் போனார்கள், கேட்டைப் பூட்டினார்கள்.

ஊளை போகவில்லை.

விடிந்து பாத்திக்குப் போன பெண்கள் அதைக் கேட்டார்கள். கோல்கம்பத்து உயரத்துக்கும் விளக்குக் கம்பத்தின் மூன்றாவது படிக்கும் நடுவில், மைதானம் முழுக்க விரித்த ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்று பேசலாம், விளையாடலாம், தொந்தரவில்லை. கண்ணாடி அறைக்குள் போனால் மட்டும் அதைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

"உள்ள ஆளு இருக்காவளோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆளு வீட்டுக்குப் போயாச்சு. கோவம் போகல" என்றாள் இன்னொருத்தி. இருவரும் வேலைக்குப் போனார்கள்.

முதல் வாரத்திலேயே முள்ளிக்கடவு அதோடு பழகிவிட்டது. காற்றில் ஈரம் ஏறும்போது ஊளை தணிந்து கனத்து வரும் என்று கண்டுபிடித்து, உப்பளத்தில் மழைக்கு முன்பே உப்பை வாரி ஒதுக்கினார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் பாட்டு வகுப்பை மேற்குக் கட்டடத்துக்கு மாற்றினார். தூங்காத பிள்ளைகளைத் தாய்மார்கள் கேட்டுக்குக் கொண்டு வந்து தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். முகைதீன் நான்கு பெஞ்சு கூடுதலாகப் போட்டார். பொறுமையாக நின்று கேட்டால் அவரவர் குரலை அவரவர் பிரித்து எடுக்க முடிந்தது. அன்றைக்கு எந்த இடத்தில் நின்றோமோ அந்த இடத்துக்கு மேலே அந்தக் குரல் இருந்தது. அதைக் கேட்க ஆட்கள் விருந்தாளிகளைக் கூட்டி வந்தார்கள். அன்று தூத்துக்குடியில் தங்கை வீட்டில் இருந்ததாகச் சொன்ன ஒருவரை அவர் மனைவி ஏழாம் வரிசைக்கு இழுத்துவந்து, "இது யார் தொண்டை?" என்று கேட்டாள். அவர் பத்து நாள் டீக்கடை பெஞ்சில்தான் சாப்பிட்டார்.

பரமார்த்தலிங்கத்தின் குரல் பதினோராம் வரிசையில் இருந்தது. நாற்பது வருடம் உப்பு வாரியதால் நெஞ்சில் இருமல் உள்ளவர், ஊளையிடும்போதும் நடுவில் ஒரு தரம் இருமிவிட்டுத்தான் தொடர்ந்தார். ஊளை அங்கே தங்கிவிட்ட ஒன்பதாம் நாள் அவர் இறந்தார். வெள்ளிக்கிழமைதோறும் உப்பளத்துக்கு அரை நாள் லீவு. வெயிலுகந்தாள் சாப்பாட்டுத் தூக்கோடு பதினோராம் வரிசையில் போய் உட்காருவாள். ஊ என்று நீளும், இருமும், மறுபடி நீளும். அவள் சாப்பிட்டுவிட்டுத் தூக்கைக் கழுவிக்கொண்டு போவாள்.

செல்வின் சும்மா இருக்கவில்லை. பட்டணத்திலிருந்து சத்தம் அடக்குகிறவர்கள் வந்து நாற்பத்து நான்கு பஞ்சு மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஊளை மெத்தைக்குப் பின்னாலிருந்து வந்தது. தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சியது. ஊளைக்கு இரண்டு நாள் தொண்டை கட்டியது, மூன்றாம் நாள் தெளிந்தது. பதினாறு பேர் பேண்டு செட் மூன்று நாள் விடாமல் வாசித்தார்கள். நான்காம் நாள் அவர்கள் போனபோது ஊளை சுருதியோடு இருந்தது. டி.வி.க்காரர்கள் இந்த மைதானத்திலிருந்து ஒளிபரப்ப முடியாது என்றார்கள்.

அதோடு அவன் முடிவு செய்தான். மைதானத்தைக் குடோன் கட்டுகிற ஒரு நிறுவனத்துக்கு விற்பது, அணியை அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்குக் கொண்டு போவது, மார்ச் இருபத்தொன்பது முள்ளிக்கடவில் கடைசி ஆட்டம். வாங்குகிறவர்களின் ஆள் வந்து மைதானத்து நடுவில் நான்கு நிமிடம் நின்றார். "சத்தம் இல்லாம குடுத்தா மறுநாளே கையெழுத்து. சத்தத்தோட வேண்டாம்" என்றார். ஆக, எங்கள் அணி எங்கள் ஊரில் இருப்பதற்கு அந்த ஊளை ஒன்றுதான் காவல் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஊளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று சிலர் கேட்டில் சூடம் கொளுத்தினார்கள்.

செல்வினுக்கு வழி சொன்னது அவன் டிரைவர் குருசுமுத்து, பெரிய முதலாளிக்கும் கார் ஓட்டியவர். கேட்டதற்குப் பதில் சொன்னாரே தவிர, அவர் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

"ஒங்க தாத்தா கேட்டு வழியா வந்து எண்ணிக்கிட்டுத்தான் உள்ள போவாவ. நீங்க எண்ணலை. லாபம் சொல்லாத அம்பாரம் மூடாம கெடக்கும்லா, அதான் அது கெடக்கு."

"எண்ணினா மூடிடுமா?"

"உரியவர் வந்து ஏத்துக்கிட்டா அம்பாரம் அங்க கெடக்காது மொதலாளி."

இதற்கு மேல் செல்வின் கேட்கவில்லை. ஏற்றுக்கொண்ட அம்பாரம் எங்கே போகும் என்று உப்புக் கம்பெனி முதலாளி ஒருவன் கேட்காமல் இருந்தது இந்த ஒரு தடவைதான் நடந்திருக்கும்.

வியாழக்கிழமை அவன் உப்பளத்துக்கே வந்தான். ஒன்பது வருடத்தில் முதல் முறை. ஷூ சேற்றில் இறங்கியது. வெயிலுகந்தாள் எண்ணிக்கொண்டிருந்தாள், நூற்று எண்பது ஆகிவிட்டதால் இருநூறு வரை அவனை நிற்க வைத்தாள், சிப்பியைப் போட்டாள், பிறகு திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை நான் கேட் வழியா வரேன்மா. நீங்க அந்த வார்த்தையைச் சொல்லணும்" என்றான்.

"மொத ஆளா நின்னா சொல்லுவேன். ரெண்டாவதா நின்னா ரெண்டும்பேன்."

"உங்க வீட்டுக்காரர் குரல் அதுல இருக்காம். அதனால நீங்க மாத்திச் சொல்லிடுவீங்களோன்னு ஒரு பேச்சு இருக்கு."

பெட்டியோடு நின்ற பெண்கள் அவனைப் பார்த்தார்கள். எவளும் வழி விடவில்லை.

"முப்பத்தொரு வருசமா எண்ணுதேன்" என்றாள் வெயிலுகந்தாள். "நான் மாத்திச் சொன்னதா யாரும் சொன்னதில்ல. நீங்க வந்து நில்லுங்க. வெயில் ஏறுது, போங்க."

மறுநாள், புருஷன் போன பிறகு வந்த பதினான்காவது வெள்ளிக்கிழமை. அவள் பதினோராம் வரிசையில் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே முகைதீன் கண்ணாடித் தம்ளரைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றார், அவள் வெளியே வந்ததும் பின்னால் நடந்தார்.

"அக்கா, ஒரு ஆட்டுக்குட்டியை முன்னாடி அவுத்து விட்டுருதேன். அது லாபம், அவன் ரெண்டு. ஊளை அப்படியே கெடக்கும், அண்ணன் சத்தமும் கெடக்கும், கிரவுண்டும் கெடக்கும்."

"ஆட்டை எண்ணுத கேட்டாவே இது?"

"அப்ப சொல்லத்தான் போறியளா?"

"சொல்லணும்லா."

"அண்ணன் சத்தம்?"

அவள் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவுககிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வின் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் முதலில் நின்றான். அவனுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவில் மூன்று கஜம் இடம் விட்டே கூட்டம் நின்றது.

"அலைராணி வந்தாச்சு, ஆரத்தி எடுங்கலே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. வாங்குகிறவர்களின் ஆள் ஏற்கெனவே மைதானத்துக்குள் கறுப்புப் பையோடு நின்றார், அவர் வேலையாக வந்தவர், எண்ணிக்கையில் இல்லை.

வெயிலுகந்தாள் சட்டியைக் கவிழ்த்துத் தட்டி, காலி என்று எல்லோருக்கும் காட்டினாள். செல்வின் கேட்டின் கோட்டில் கால் வைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள், எண்ணும்போது அவள் யாரையும் முகம் பார்ப்பதில்லை. கால் கோட்டைத் தாண்டியது.

"லாபம்" என்றாள். கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

உள்ளே ஊளை நின்றது. நூற்றைந்து நாட்களுக்குப் பிறகு கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் தட்டுவது கேட்டது. செல்வின் தாத்தாவின் மூன்றாம் வரிசை வரை நடந்து, படியில் ஏறி நின்று, வாங்குகிறவர்களின் ஆளைப் பார்த்துச் சிரித்தான். "பார்த்தீங்களா?" என்றான்.

அப்போது அது மைதானத்தை விட்டுக் கிளம்பியது. நான்கு மூலையிலும் கட்டு அவிழ்த்த படுதா மாதிரி நடுவில் சுருங்கி, எங்கள் தலைக்கு மேலே கேட்டுப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, வரிசையில் நின்றவர்களின் முடியையும் முந்தானையையும் கலைத்துவிட்டு, ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு தொண்டையும் ஒன்றுகூட விடுபடாமல் மூன்றாம் வரிசையில் நின்றவன் மேல் இறங்கியது. அவன் காதைப் பொத்தினான். வாயைத் திறந்து என்னவோ சொன்னான், அவனுக்கே கேட்டிருக்காது. ஓடினான். கேட்டு வழியாகத்தான் ஓடினான், மேற்குக் கதவு தூரம். அது பின்னாலேயே போனது. கார்க் கண்ணாடி நான்கும் அதிர்ந்தது. குருசுமுத்து இறங்கி, சாவியைக் காரின் மேல் வைத்துவிட்டு, "என்னால இதோட ஓட்ட முடியாது மொதலாளி" என்று சைகையால் சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். செல்வின் தானே ஓட்டிக்கொண்டு போனான். ரைஸ்மில் வளைவு வரை கேட்டது, பிறகு பாலம், பிறகு கேட்கவில்லை.

ஓடுகிற காரைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தை வெயிலுகந்தாள் கேட்டுக்குத் திருப்பினாள்.

"ரெண்டு" என்றாள். முகைதீன் உள்ளே போனார்.

அன்று எழுபது சிப்பியும் நாற்பதும். ஒன்பது சீசனுக்குப் பிறகு சொன்ன எண்ணும் ஆளும் ஒன்றாக இருந்தன. ஆட்டம் தோல்வி.

கையெழுத்து நடக்கவில்லை. திங்கட்கிழமை மேஜையில் செல்வின் வாயசைத்ததை எதிரே இருந்தவர்கள் காதில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்கள். சத்தம் மண்ணில் இருந்தால் வேறு மண் பார்க்கலாம், விற்கிறவரிடமே இருந்தால் என்ன செய்வது என்று எழுதிக் காட்டிவிட்டுப் போனார்கள். லீக் கூட்டத்தில் மற்ற முதலாளிகள் அவனோடு ஓர் அறையில் உட்கார மறுத்தார்கள். போனில் பேச முடியாததால் பையன்களை விற்க முடியவில்லை. அணி இங்கேயே இருக்கிறது, இன்னும் ஊதாச் சட்டைதான், இன்னும் அலைராணிதான், இந்தச் சீசனில் ஆடிய நான்கில் மூன்று தோற்றாயிற்று. அவன் இனி வரமாட்டான் என்றும் சொல்ல முடியாது. ஆட்டத்தன்று கேட்டு திறந்ததும் அவள் லாபத்துக்கு ஒரு நிமிடம் காத்திருக்கிறாள்.

அக்டோபரில் ரீகன் எதிரணியின் கோல்கீப்பராக வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கேட்டுக்கு வந்து நின்றான்.

"பெங்களூர் ஏர்போர்ட்ல அவனைப் பாத்தேன் அத்தை. சுத்தி இருபது சீட்டுல ஆளு இல்ல. தனியா உக்காந்திருக்கான், தலைக்கு மேல அது நிக்கி. நான் கிட்ட போயி நின்னேன்." அவன் தோள்பையை இறக்கி வைத்தான். "மாமா இருமுதது கேட்டுச்சு."

வெயிலுகந்தாள் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருமுனாவ?"

"ஒரு தரம். பொறவு ஊளை தொடர்ந்துச்சு."

அவள் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் அவள் தூக்கோடு பதினோராம் வரிசையில்தான் போய் உட்காருகிறாள், அங்கே கேட்க ஒன்றும் இல்லை, கொடிக்கயிறு தட்டுகிற சத்தம் மட்டும்தான்.

"வெள்ளிக்கிழமை அங்க தனியா போயி உக்காருதியளாமே அத்தை, அவுக சத்தம் இல்லாம கஷ்டமா இருக்கா?"

"அவுக வேலைக்குப் போயிருக்காவ" என்றாள் வெயிலுகந்தாள். சட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், காலி என்று காட்டினாள். "தள்ளி நில்லுல, எண்ணணும்."